அபாய மணி

அன்னவாசல் ரோட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஊமையாய்க் கிடந்த தீ அபாய மணிகளைச் சரிசெய்துவிட்டு, மூன்றாம் மாடியில் நின்று சுவிட்சை அழுத்தினார் இன்ஜினியர் கோபிநாத். மணி காதைக் கிழித்தது. குடியிருந்தவர்கள் அலறியடித்துக் கீழே ஓடினார்கள்.

செவந்தி மட்டும் அசையவில்லை. "இது பத்தாது சார்!" என்று கத்தினாள்.

"மெயின் ரோடு வரைக்கும் கேக்குதேக்கா!"

"பளிச்சு பளிச்சுன்னு மின்னுற லைட்டும் வேணும்."

"கல்யாண வீடா இது, சீரியல் லைட் போட? ஒங்க எதிர்வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை குறை சொன்னாங்களா?"

"அவ சொல்ல மாட்டா. இங்கிட்டு வாங்க."

எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. இர்ஃபானா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மணி அலறிக்கொண்டேயிருந்தது.

செவந்தி வாசலோரச் சுவிட்சைத் தட்டி, விளக்கை அணைத்து எரியவிட்டாள். இர்ஃபானா உடனே திரும்பினாள். சிரித்தபடி, டீ குடிக்கிறீர்களா என்று கோபிநாத்திடம் சைகையில் கேட்டாள்.

"நான் வீட்டுல இருந்தா இப்படித் தட்டிக் கூட்டியாந்துருவேன் சார். வேலைக்குப் போயிருந்தா?" என்றாள் செவந்தி.

கோபிநாத் இர்ஃபானாவைப் பார்த்து டீக்குத் தலையாட்டினார். செவந்தியைப் பார்த்து லைட்டுக்கும்.