அடிமாட்டு விலை

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய தன் நாலு ஏக்கரை விற்கப் போவதாக அந்த ஊர் விவசாயி அம்மா ஒருவரே சொல்லியனுப்பியதும், சுரங்கக் கம்பெனியின் நில அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பாதி விலைதாம்மா தர முடியும்."

"ஏன் சார்? பொன்னு விளையற மண்ணாச்சே!"

"பொன்னா? ஈயமும் காட்மியமும்தான் விளையுது! எங்க லேப்லயே பார்த்துட்டோம். சுரங்கத்துக் கழிவுத் தண்ணி இறங்கி, மண்ணு மொத்தமும் விஷம்."

"நான் சொன்னா என் வீட்டுக்காரர் நம்ப மாட்டார் சார். கிட்னி கெட்டு உள்ள படுத்திருக்கார். ஒரு வரி எழுதிக் குடுங்களேன்."

"அதுக்கென்ன!"

நிலம் மடியில் வந்து விழப்போகிற குஷியில் அதிகாரி, கையோடு கொண்டுவந்திருந்த லேப் அறிக்கையின் பின்பக்கத்திலேயே அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

அந்தம்மா நிதானமாகப் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து வந்து காட்டினார். ஊர்க்காரர்கள் தொடுத்த வழக்கில் கம்பெனி கொடுத்த பதில் அது. 'சுரங்கத்தால் மண்ணுக்கு எந்தக் கேடும் இல்லை.' அடியில் அதே கையெழுத்து.

அதிகாரி எட்டிக் கை நீட்டினார். "அந்தப் பேப்பரைக் குடும்மா!"

"திங்கக்கிழமை ஜட்ஜய்யாகிட்ட கேட்டு வாங்கிக்கங்க."

"அப்போ... நிலம்?"

"அது இங்கயேதான் கிடக்கும். நாங்களும் இங்கயேதான் இருப்போம். அடுத்த தடவை வரும்போது பேனா வேண்டாம் சார், மண்வெட்டி எடுத்துட்டு வாங்க. நீங்க கெடுத்த மண்ணை நீங்கதானே சுத்தம் பண்ணணும்!"