வழிமொழிய ஒருவர்

நோர்வேயின் வடமுனை மீன்பிடி ஊரில் ஒருகாலத்தில் அறுபது தமிழ்க் குடும்பங்கள். மீன் தொழிற்சாலை படுக்கப் படுக்க, ஒவ்வொன்றாக ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தன. போனவர்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பதவிகளைச் சபாநடேசன் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். இப்போது ஊரில் மிஞ்சிய ஒரே தமிழர் அவர்; தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே.

"அண்ணை, நீங்களும் வெளிக்கிட்டு வாங்கோவன்," என்றான், கடைசியாகப் போன குகதாசன், தொலைபேசியில்.

"நான் வந்தா சங்கத்தை ஆர் பாக்கிறது?"

இந்த வைகாசியில் துவாரகா என்றொரு தமிழ்த் தாதி ஊருக்கு வேலைக்கு வந்தாள். சபாநடேசன் மண்டபத்தைத் திறந்து, அறுபது நாற்காலிகளையும் துடைத்துப் போட்டு, அவளிடம் உறுப்பினர் படிவத்தை நீட்டினார். கையெழுத்திட்டாள். முன்மொழிபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியவர், அடுத்த வரியில் பேனாவை நிறுத்தினார்.

"வழிமொழியிறது ஆர்?" என்று சபையைப் பார்த்து உரக்கக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

துவாரகாவும் மெல்லத் திரும்பி வெற்று நாற்காலிகளைப் பார்த்தாள்.