மோந்து பாக்காத எலி

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? அறுபத்தி நாலாம் வருஷம் திண்டிவனத்துல ஆராய்ச்சி பண்ற ஒரு டாக்டருகிட்ட எலி பாத்துக்கிற வேலை செஞ்சேன். என் தங்கச்சி படிப்பு அந்த வேலைய நம்பித்தான்.

பெரிய எலி கூண்டுல ஒரு குட்டிய விட்டா, யாருன்னு ஒரு நிமிஷம் மோந்து பாக்கும். அரை மணி கழிச்சு அதே குட்டிய விட்டா, தெரிஞ்சதுதானேன்னு சும்மா இருக்கும். நடுவுல மயக்க ஊசி போட்டா மறந்துடும், திரும்ப மோந்துக்கினு நிக்கும்.

ஒருநாள் ஊசி போட்ட எலிகிட்ட, மெட்ராஸ்லேர்ந்து அப்பதான் வந்த புதுக் குட்டிய விட்டேன். மோந்தே பாக்கல. ஒட்டிப் படுத்துக்கிச்சு.

டாக்டரு கத்தினாரு: "ஊசி போட்டா யாரையும் தெரியாதே! எதையோ மாத்திட்ட ஞானமேரி. நாளைக்கு வராத."

"மாதா மேல சத்தியமா மாத்தலிங்க சார்!"

ரெண்டையும் தூக்கிப் பாத்தாரு. பெரிசு முதுகுல ஊசி குத்தின தடம் இருந்துச்சு. குட்டி வாலுல, பழைய குட்டிங்களுக்கு அடையாளமா வைக்கிற மை இல்ல.

"சரிம்மா, உன் மேல தப்பில்ல."

போன உசிரு வந்துச்சு. விழுப்புரம் பஸ்ல சிரிச்சிக்கினே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் மெட்ராஸ்லேர்ந்து இன்னொரு குட்டி பெட்டில வந்துச்சு. நான் பெட்டிக் கயித்த அவுக்கறதுக்குள்ள, அந்தப் பெரிய எலி கூண்டு வைக்கோல்ல நகந்து எடம் விட்டுச்சு.

உங்களயும் முன்னபின்ன பாக்காத யாராச்சும் அப்பிடித் தெரிஞ்சிக்கினாங்களா? எழுதுங்க.