ஃபுட்போர்டில் பதினோரு மைல்

மதியம் இரண்டு நாற்பது. வங்கி மேலாளர் டால்பெர்க்கின் முகத்தில் துப்பாக்கியின் அடிக்கட்டை இறங்கியது. மூக்கெலும்பு உடைந்த சத்தம், கூண்டுக்குள் பணம் எண்ணிக்கொண்டிருந்த இர்மாவுக்குக் கேட்டது.

“வால்நட்டை உடைச்ச மாதிரி,” என்றாள் இர்மா வோகல். “அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு, தம்பி.”

அது நடந்து நாற்பத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவளுடைய சமையலறை மேசையில் டேப் ரிக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே லெனர்ட் ஸ்லாடெக். வங்கிக் கொள்ளையரும் ஷெரீஃப்களும் சுட்டுக்கொண்ட அந்தக் காலத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவன்.

அந்த வங்கிக் கொள்ளைக்கு உடந்தை என்று தூக்கிலிடப்பட்ட மெக்கானிக் எமில் ஸ்லாடெக், அவன் அப்பா.

“உங்கப்பா பேர்ல இருக்கிற கறையைக் கழுவத்தான் நீ வந்திருக்கேன்னு தெரியும். தெரிஞ்சுதான் உள்ள விட்டேன்,” என்றாள் இர்மா. “ஆனா கோர்ட்டுல சொன்னதைத்தான் இப்பவும் சொல்வேன். முந்தின நாள் உங்கப்பா அவனுங்க டிரைவர்கிட்ட ஒரு தாளைக் குடுத்தாரு. என் கண்ணால பாத்தேன்.”

“கயிறு சரியா விழலை. கழுத்து உடையலை,” என்றான் லெனர்ட். “அவரு சாக பதினாலு நிமிஷம் ஆச்சு.”

“ஐயோ பாவம். கேக் எடுத்துக்கோ.”

எமிலைக் கொன்றது அந்தத் தாள்தான். இத்தகைய கும்பல்கள் தப்பிக்கும் வழியில் முன்னதாகவே ஒருமுறை காரோட்டிப் பார்க்கும். எத்தனையாவது மைலில் என்ன அடையாளம், எந்தப் பக்கம் திரும்புவது என்று காரின் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளும். இந்தக் கும்பலுக்கு அதை உள்ளூர் ஆள் ஒருவன் எழுதிக்கொடுத்திருக்கிறான் என்றது போலீஸ். தாள் கடைசிவரை கிடைக்கவில்லை.

“மேல சொல்லுங்க, மிஸ் வோகல்.”

“எங்க ரெண்டு பேரையும் கார் கதவுக்கு வெளிய இருக்கிற ஃபுட்போர்டுல நிக்க வச்சானுங்க. டால்பெர்க் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். போலீஸ் சுட்டா எங்க மேலதான் படும். பின்சீட்டுக்காரன் ஜன்னல் வழியா என் பெல்ட்டைப் பிடிச்சிருந்தான்.”

“போலீஸ் சுட்டுதா?”

“எங்கே சுடுறது? துரத்திக்கிட்டு வந்தாங்க. இவனுங்க ரோடு முழுக்க ஆணியைக் கொட்டினானுங்க. முதல் கார் டயர் வெடிச்சு உருண்டுச்சு. உள்ள இருந்த போலீஸ்காரன் தலை மட்டும் கண்ணாடி வழியா வெளியில வந்துச்சு. உடம்பு வரலை.”

லெனர்ட் ஒரு பழைய பத்திரிகைத் துண்டை எடுத்தான். “இதுல வேற மாதிரி இருக்கு. முதல் மைல்லயே நீங்க மயங்கிட்டீங்களாம். சாக்கு மூட்டை மாதிரி தொங்கினீங்களாம்.”

“மயக்கமா? நானா?” இர்மா கேக் கத்தியை மேசையில் குத்தினாள். “எந்தக் கழுதை எழுதினான் அதை? ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரியும். எழுதிக்கோ. நாலு பாயின்ட் மூணு மைல், எரிஞ்ச கொட்டகை, இடது. அங்கதான் டால்பெர்க் கெஞ்ச ஆரம்பிச்சாரு. மூணு பொண்ணுங்க இருக்கு, விட்டுடுங்கன்னாரு. ஜன்னலைப் பிடிச்சிருந்த அவர் விரலை, முன்சீட்டுல இருந்த சாம்பல் தொப்பிக்காரன் துப்பாக்கியால அடிச்சான். திரும்பத் திரும்ப. விரல் கூழாச்சு. அப்பவும் அவரு விடலை. வாயில வச்சுச் சுட்டான்.”

லெனர்ட் எழுதவில்லை. டேப் சுற்றியது.

“ஏழு பாயின்ட் எட்டு, பால் கேன் வைக்கிற மேடை, வலது. அதுக்குள்ள அவர் ரத்தம் கார் கூரையைத் தாண்டி என் முகத்துல அடிச்சு, கண் இமை ரெண்டும் ஒட்டிக்கிச்சு. துடைக்கக் கையை எடுத்தா விழுந்துருவேன். பதினொண்ணு பாயின்ட் ரெண்டு, மரப்பாலம். ஷெரீஃப் ஆளுங்க அங்க ரைஃபிளோட நின்னாங்க. கொள்ளைக்காரனுங்க மூணு பேரையும் சல்லடையாக்கிட்டாங்க. ஒரு குண்டு எனக்கு.”

இடுப்பைத் தட்டிக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஊர் கொடுத்த வீரப் பதக்கம் தொங்கியது.

“மயங்கினவளுக்கா இவ்வளவு ஞாபகம் இருக்கும்?”

“தப்பு பத்திரிகைக்காரன் மேலதான்,” என்றான் லெனர்ட். “டிரைவர் தாளைச் சத்தமா படிச்சுக்கிட்டே ஓட்டினானா?”

“அவன் வாயே திறக்கலை. அந்தக் காத்துல கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.”

“அப்புறம் எப்பவாவது அந்த ரோட்டுல போனீங்களா?”

“நல்லா கேட்டே. அந்தத் திசையில தலைவச்சுக்கூடப் படுத்ததில்லை. அன்னைக்கு ஒரு தடவைதான் போனேன். ஊருக்கு வந்தே மூணு மாசம். எனக்கு வடக்கு எது, தெற்கு எதுன்னே தெரியாது.”

லெனர்ட் தலையாட்டினான். பொத்தானை அழுத்தி டேப்பைப் பின்னோக்கி ஓட்டினான். நிறுத்தினான். மறுபடி ஓடவிட்டான்.

“நாலு பாயின்ட் மூணு மைல்,” என்றது இர்மாவின் குரல். “எரிஞ்ச கொட்டகை, இடது.”

அவனுக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது.

“மீட்டர் டிரைவர் முன்னாடிதானே இருக்கு, மிஸ் வோகல். வெளியில தொங்கினவங்களுக்கு அந்த மைல் கணக்கு எப்படித் தெரிஞ்சுது?”