டிரெய்லருக்கு ஒரு ஹீட்டர்

"இந்த டிரெய்லருக்குள்ள கரண்ட் இழுத்து ஒரு ஹீட்டர் மாட்டணும் தம்பி" என்றார் பெயிண்ட் மேஸ்திரி.

"ஆளுங்க உட்கார்ந்து சாப்பிடவாண்ணே?"

"இல்லை. பெயிண்ட் டப்பா வைக்க."

எனக்கு வந்ததே கோபம்!

பாதி கட்டின கட்டடம். ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை. ராத்திரியில் வாளித் தண்ணீர் உறைகிறது. பகலில் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பெயிண்டர்கள் அந்தக் குளிர் காற்றில் நின்றுதான் வேலை பார்க்கிறார்கள், அங்கேயே சாப்பிடுகிறார்கள். அதில் ஒருத்தி என் அக்கா. நான் அதே கட்டடத்தில் வயரிங் வேலை பார்ப்பவன்.

முந்தின நாள்தான் அக்கா கையிலிருந்து பிரஷ் நழுவிவிட்டது. விரல் மரத்துப்போய், நழுவியதே அவளுக்குத் தெரியவில்லை. அது போய் விழுந்தது கம்பெனி அதிகாரியின் ஷூ மேல்.

"கை நிக்காதவங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இன்னொரு தடவை விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார் அதிகாரி.

"சரிங்க சார்" என்றார் மேஸ்திரி. எதிர்த்து ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அத்தான் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். அக்கா சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. இந்த லட்சணத்தில் பெயிண்ட்டுக்கு ஹீட்டராம்!

"ஆளுங்களுக்கு ஒரு கதகதப்பான இடம் உங்ககிட்ட கேட்டோமே, அது என்னாச்சு?"

"அதெல்லாம் அப்புறம் தம்பி. பெயிண்ட் உறைஞ்சா திரிஞ்ச பால் மாதிரி ஆயிடும். எதுக்கும் உதவாது."

"எங்க அக்கா கை உறைஞ்சா?"

மேஸ்திரி டேப்பை இழுத்து டிரெய்லரை அளக்க ஆரம்பித்தார்.

வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர் அது. நாலு பக்கமும் தகரம், பின்னால் ஒரு கதவு. சுவரிலும் கூரையிலும் தெர்மாகோல் அட்டை அடைத்து, மேலே பிளைவுட் அடித்தோம். மெயின் போர்டிலிருந்து தடி கேபிளாக இழுத்து, மழை படாத பிளக் வைத்து, எர்த் கொடுத்து, லைட்டும் ஹீட்டரும் மாட்டினேன். எல்லாம் வயிற்றெரிச்சலோடுதான்.

மேஸ்திரி பக்கத்திலேயே நின்று நச்சரித்தார்.

"மேல ஒரு காத்து ஓட்டை போடு."

"ஏன், டப்பாவுக்கு மூச்சு முட்டுமா?"

"ஹீட்டருக்கு முன்னாடி கம்பி வலை வை."

"டப்பா எழுந்து வந்து கையைச் சுட்டுக்குமாக்கும்!"

"வாய் உனக்கு ஜாஸ்தி. வேலையை முடி."

சாயந்திரம் அதிகாரி பார்க்க வந்தார். கம்பளிக் கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு, உள்ளே ஏறி நின்று, சுவரைத் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம்! கம்பெனி பொருளை இப்படித்தான் பார்த்துக்கணும்."

வெளியே அக்கா விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு நின்றாள். அந்த மனுஷன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் காரில் ஏறினார். என் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எறியாமல் இருந்தது பெரிய விஷயம்.

"பொறந்தா பெயிண்ட் டப்பாவாப் பொறக்கணும்க்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கும் விழுந்துடுச்சுன்னா என்னடா பண்ணுவேன்?"

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மேலே போனேன். அக்கா இடம் காலி. பிரஷ் மட்டும் பலகை மேல் கிடந்தது.

அங்கிருந்த கொத்தனாரைக் கேட்டேன்.

"மேஸ்திரி வந்து கூப்பிட்டாரு, கூடவே போயிடுச்சு. பையையும் எடுத்துக்கிச்சே."

பையையுமா? போச்சு. அனுப்பிவிட்டார்கள் பாவிகள்.

படிகளைத் தாவித் தாவி இறங்கினேன். டிரெய்லருக்குள்ளிருந்து மேஸ்திரி குரல் கேட்டது. கதவைப் படாரென்று திறந்தேன்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா? டப்பாவைக் கதகதன்னு வெச்சுக்கிட்டு, எங்க அக்காவை..."

"கதவைச் சாத்துடா, சூடு போகுது!" என்றாள் அக்கா.

இரண்டு பக்கமும் பலகை போட்டு, பெயிண்டர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஹீட்டருக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, காயப்போட்ட துணி மாதிரி விரல்களை விரித்திருந்தாள். ஒரே ஒரு டப்பாகூட இல்லை.

கதவைச் சாத்தினேன். தொண்டையில் மிச்சமிருந்த வசவை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"பெயிண்ட் எங்கேண்ணே?"

"எங்க வீட்டு ஹால்ல. ராத்திரி அங்கே வெச்சு, காலையில வேணுங்கிறதை மட்டும் வண்டியில ஏத்திட்டு வரேன். கால் வைக்க இடமில்லைன்னு உங்க அண்ணி என்னை வறுத்தெடுக்கிறா."

"இவ்வளவு சுத்து எதுக்குண்ணே? ஆளுங்களுக்குன்னு கம்பெனியில நேரா கேட்டிருக்கலாமே?"

மேஸ்திரி நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார்.

"போன குளிர் காலத்துலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் தம்பி இருந்தேன். ஆளுங்க விறைச்சுப் போறாங்கன்னேன், 'வேலை செஞ்சா தானா சூடாயிடும்'னாங்க. பெயிண்ட் கெட்டுப் போகுதுன்னேன், மறுநாளே ஹீட்டர் வந்துடுச்சு!"