காரைக்காய்ச் சக்கை

குட்டையில் மிதந்த மீன்களை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தாண்டவராயனின் உள்ளங்கையில் இருந்த காரைக்காய்ச் சக்கை மேல்தான் இருந்தது. தீர்த்தகிரியின் வேலியோரம், புளியமரத்தடியில் அவரே பொறுக்கியது அது. இதற்கு மேல் சாட்சி எதற்கு என்பது அவர் கட்சி.

தாண்டவராயன் செங்கத்துக்காரர். புளி வியாபாரத்துக்காக ஜவ்வாது மலைமேல் வீடு கட்டி, கொல்லையில் குட்டை வெட்டி, கெண்டைக் குஞ்சு விட்டிருந்தார். இந்த மலைச்சனத்துக்கு மீனைக் கொல்லத்தான் தெரியும், வளர்க்கத் தெரியாது என்று அவர் சொல்லாத நாள் இல்லை.

கோடையில் ஓடை வற்றி மடுவாய் நிற்கும்போது, மருந்து என்று அவர்கள் சொல்லும் காரைக்காயை இடித்துத் தண்ணீரில் கலக்கி, மயங்கி மிதக்கும் மீனை அள்ளுவது மலையில் வழக்கம். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்பார் தாண்டவராயன். அந்த மீன் குழம்பாகி வந்தால் மட்டும் இன்னொரு கரண்டி கேட்பார்.

முந்தின நாள் செங்கத்துக்குப் புளி மூட்டை ஏற்றிப் போனவர் அன்று காலை ஜீப்பை விட்டு இறங்கினால், குட்டை முழுக்க வெள்ளை வயிறாகத் தெரிந்தது. பிறகு அவர் துப்புத் துலக்கிய அழகை மலையே நின்று பார்த்தது. தண்ணீரை மோந்தார். நுரையைத் தொட்டு நாக்கில் வைத்துக் காறித் துப்பினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையெல்லாம் குனிந்து தேடினார். புளியமரத்தடியில் சக்கையைக் கண்டதும் முகத்தில் வந்ததே ஒரு களை, அது மீனைப் பறிகொடுத்தவன் முகமாக இல்லை.

ஏனென்றால் அவர் கண் வெகுநாளாக அந்த மரத்தின் மேல். இரண்டு கொல்லைக்கும் நடுவில் நின்றாலும் அது தீர்த்தகிரியின் பாட்டன் வைத்த மரம். சாமை பொய்த்த வருஷங்களில் தீர்த்தகிரி வீட்டு அடுப்பு எரிந்தது அதன் புளியால்தான்.

"எம் மீனுக்கு ஈடா அந்த மரத்த எனக்கு வுட்டுடச் சொல்லுங்க," என்றார் தாண்டவராயன், பஞ்சாயத்துப் பேச வந்திருந்த ஊர் நாட்டாரிடம்.

தீர்த்தகிரி கையெடுத்துக் கும்பிட்டான். "நான் போடலைங்க நாட்டாரே. மரம் போச்சுன்னா எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

நாட்டார் நிதானமான மனிதர். மீனுக்கு முன்னமே ஏதும் சீக்கு இருந்ததா என்று கேட்டார். தாண்டவராயனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சீக்கு வந்தால் பார்க்கத் தெரியாத ஆளா அவர்? நாலைந்து மீனின் செதிலில் வெள்ளை பூத்ததுமே, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, ஊதா நிறத்தில் ஒரு பொட்டலம் வாங்கி அலமாரியில் வைத்தவர். ஜீப்பில் கால் வைக்கும்போதுகூட, மீனுக்கு மருந்து போடு என்று வேலைக்காரி அம்மாக்கண்ணுவிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

அந்த அம்மாக்கண்ணு எங்கே என்றார் நாட்டார். மகளுக்குப் பேறுகாலம் என்று நேற்றே பக்கத்து ஊருக்கு நடந்துவிட்டதாகப் பதில் வந்தது. அவள் மேல் சந்தேகம் உண்டா என்று கேட்டதற்குத் தாண்டவராயன் சிரித்தேவிட்டார். சொன்னதைச் செய்வாள், எதிர்க்கேள்வி கேட்கமாட்டாள், கேட்டால் தனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும், மற்றபடி அவளுக்கு மூளை என்று ஒன்று இருந்தால்தானே சந்தேகப்பட என்றார்.

நாட்டார் வெற்றிலையை மென்றபடி தீர்த்தகிரியைப் பார்த்தார். இவனே போடாமல், கூலிக்கு ஆள் வைத்துப் போடச் சொல்லியிருந்தால் அதற்கென்ன தீர்ப்பு என்று தாண்டவராயனையே கேட்டார்.

தாண்டவராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஊரே கேட்கும்படி தீர்ப்புச் சொல்லும் பாக்கியம் தினமும் கிடைக்குமா?

"போட்ட கை எதுவோ இருந்துட்டுப் போவட்டும். போடச் சொன்னவன் யாரோ, அவன் இந்த மரத்த மறந்துடணும். மலைய வுட்டே எறங்கணும்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

அங்கிருந்த ஒரு கல்லின் மேல் கற்பூரம் ஏற்றினார்கள். தாண்டவராயன் ஓங்கி அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். இன்னொன்று ஏற்றியபோது தீர்த்தகிரியும் அடித்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததைச் சுற்றி நின்றவர்களுக்குச் சாடை காட்டி, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று தாண்டவராயன் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு அம்மாக்கண்ணு வந்தாள். பேரன் பிறந்த பூரிப்பு முகத்தில் இருந்தது. இடுப்பில் ஒரு காலிக் கூடை. கூடி நின்ற ஊரைப் பார்த்ததும், மீனைப் பங்கு போடத்தான் எல்லாரையும் முதலாளி கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முதன்முதலாக அவரிடம் தானாக வாய் திறந்தாள்.

"பொண்ணுக்கு வலின்னு ஆள் வந்துடுச்சுங்க மொதலாளி, அதான் இருந்து அள்ள முடியல. ஆனா நீங்க சொன்னமாரியே, புளியமரத்து நெழல்ல ஒக்காந்து மருந்து இடிச்சுப் போட்டுட்டுத்தான் போனேன்."

தாண்டவராயனின் கையிலிருந்த சக்கை கீழே விழுந்தது. அவள் குட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மீனெல்லாம் மேல வந்துச்சுங்களா?"