பாதியில் மூடிய புத்தகம்

வெள்ளிக்கிழமை நூலக வகுப்பில் எஸ்தர் டீச்சர் கதை வாசிப்பார். அன்றைக்கும், கிணற்றில் விழுந்தவள் கயிற்றை எட்டிப் பிடிக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார்.

“அவ பொழச்சாளா டீச்சர்?” என்று கேட்டாள் ஏழாம் வகுப்பு குயிலி.

“புத்தகத்துலதான் இருக்கு. எடுத்துப் படி.”

குயிலிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அது டீச்சருக்கும் தெரியும். வகுப்பே சிரித்தது. குயிலி எழுந்து போய் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, யாரையோ திட்டுவதுபோலப் படித்தாள். மணி அடித்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள்.

“பூட்டணும். திங்கக்கெழம வந்து படி” என்றார் டீச்சர்.

குயிலி வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. “எனக்கு உங்களப் பிடிக்கவே இல்ல. கொஞ்சம் பேசாம இருங்க.”

டீச்சர் பூட்டோடு வாசலிலேயே நின்றார்.